ஒரு வரியில் இரண்டு நிர்மலா

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, மணலூர்பேட்டையிலிருந்து அம்மா சொல்ல உன் தம்பி தமிழழகன் எழுதுவது. இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுச் சேவல் நேற்று மாலை ஐந்தே கால் மணியளவில் ஜெயம்மாள் அத்தை வீட்டுப் பெட்டைக்கோழியிடம் தோற்று, வாலில் மூன்று இறகுகளை இழந்து, தற்சமயம் முருங்கை மரத்தில் தலைமறைவாக உள்ளது. இதற்கு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "இன்னாடா எழுதிக்கினு கீற, நான் சொல்றத மட்டும் எழுது" என்கிறாள். சரி. இங்கு எல்லாரும் நலம் என்று போடச் சொல்கிறாள், நான் பாதி நலம் என்று போடுகிறேன். ஹைதராபாத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது, மீதி பாதி அதில் சேர்ந்துவிடும். போனில் சொன்னால் நடுவில் அழுகை வந்துவிடுமாம், அதனால்தான் கடிதம்.

உன் காலேஜில் அவரவர் குடும்பத்துச் சாதாரண ஆட்களைப் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார்கள், புத்தகமாகப் போடுவார்கள், அம்மா சின்ன வயசுக் கதை வேண்டும் என்று கேட்டாய் அல்லவா. நீ ஆய்வு மாணவி, நான் ஓய்வு மாணவன், ஆனாலும் அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் தூசி தின்று, கரையான் அரித்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டி, அந்த வரியைக் கண்டுபிடித்தவன் சாட்சாத் நானே. நிர்மலா, தந்தை பெயர் கொளஞ்சியப்பன், ஒன்றாம் வகுப்பு, 1985. பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு மையில் 'காய்ச்சலில் இறப்பு, பெயர் நீக்கம்'. அந்தச் சிவப்பை நீல மையால் அடித்துவிட்டு, கீழே '1986 ஜூன், மறு சேர்க்கை'.

சின்னத் தாத்தா பொன்னுரங்கத்திடம் கேட்டேன். முதலில் "அதெல்லாம் இன்னாத்துக்குடா இப்போ" என்று எழுந்து போகப் பார்த்தார். அப்புறம் அம்மாவே போய் எதிரில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். தாத்தாவும் ஆயாவும் ரோடு போடும் வேலைக்குக் கரியாலூர் மலைக்குப் போனபோது இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரியவளுக்கு அஞ்சரை வயசு. மூணே நாள் காய்ச்சல். அங்கேயே புதைத்துவிட்டு இறங்கி வந்தார்களாம். அந்த வருஷம் இங்கே வேலையும் இல்லை, சோறும் இல்லை. சின்னவளுக்கு நாலு வயசுகூட ஆகவில்லை, சேர்க்க முடியாது என்று வாத்தியார் சொன்னதற்குத் தாத்தா, "பேருதான் நோட்ல கீதே சார், அதுல இதை வுட்டுடுங்க, மதியானம் ஒரு வேளையாவது துன்னும்" என்று காலில் விழுந்திருக்கிறார். அப்படித்தான் செத்தவளுடைய பெயர், பிறந்த தேதி, சத்துணவுத் தட்டு எல்லாம் அம்மாவுக்கு வந்தது. "அதுக்கு முன்னாடி என் பேர் இன்னா சித்தப்பா" என்று அம்மா கேட்டாள். "சின்னது, சின்னதுன்னுதான் கூப்புடுவோம், பேரு வெக்கிறதுக்குள்ள இது ஆயிப்போச்சி" என்றார் அவர்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் சத்துணவுக்கூடம் போய் எண்பது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்துகொள்கிறாள். தெருவில் யாராவது நிர்மலா என்று கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறாள். இது புத்தகத்தில் வந்தால் வயசு தப்பு, சர்டிபிகேட் தப்பு என்று வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. நேற்றுக் காலையில் எழுதவே வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். சாயங்காலம் மனசு மாறி, "நாப்பது வருசமா அவ சோத்த நான் துன்னுக்கினு கீறேன், அவ இருந்தான்னு ஒருத்தருக்கும் தெரியல, எழுதச் சொல்லு" என்றாள். ஊர்ப் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாமாம், அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பதும் வேண்டாமாம். நிர்மலா என்று ஒருத்தி இருந்தாள், ஏழு மாசம் பள்ளிக்கூடம் போனாள் என்று போடு. தன்னைப் பற்றிப் பேச்சு வருகிற இடத்தில் அவள் தங்கை என்று போட்டால் போதும் என்கிறாள். பொங்கலுக்கு நீ வரும்போது கரியாலூருக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். புதைத்த இடம் யாருக்கும் தெரியாது, மலையைப் பார்த்துவிட்டு வந்தால்கூடப் போதும் என்கிறாள்.

நல்லபடியாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, சனிக்கிழமை போன் செய், போனில் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. எந்தக் குறையும் வராமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் சொந்தப் பெயரில். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கி, வெகுநேரம் வைத்திருந்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
அம்மா

அக்கா, இது நான் எழுதுவது, அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு நாளும் நான் தூசி தின்னவில்லை. ஹெட்மாஸ்டர் இளஞ்செழியன் சார்தான் அஞ்சே நிமிஷத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து போட்டோ அனுப்பினார். அப்போது நான் கூட்டாளி ஆகாஷ் வண்டியில் போய்க் கரியாலூர் அருவியில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு மையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். செத்துப்போயும் ஸ்கூலுக்குத் திரும்பி வந்த ஒரே ஆள் எங்கம்மாதான்டா என்று சொல்லி, அம்மா போட்டோவை வைத்து 'கண்ணீர் அஞ்சலி, நிர்மலா, தோற்றம், மறைவு' என்று போனிலேயே போஸ்டர் செய்து, அவள் சாப்பிட உட்கார்ந்தபோது மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். அவளுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேற்று அதை அழிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "என் போட்டோவ மட்டும் எடுத்துடுடா, பேரு இருக்கட்டும், அவளுக்கு யாரும் ஒண்ணு போடல" என்றாள். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க ஒரு படமும் இல்லை அக்கா. நேற்றிலிருந்து அதைத் திறந்து திறந்து பார்த்து மூடிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.