தறிச்சத்தத்துக்குள் நீங்கள் பேசியது

என் பிரியமுள்ள சரசக்காவுக்கு,

உங்களைப் பற்றி நான் எடுத்த நம் ஆவணப்படத்தை ஒருவழியாகக் குமாரபாளையத்தில் போட்டுக் காட்டிவிட்டேன். போன ஞாயிறு, தறிகளுக்கு லீவு நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, உங்கள் பட்டறைக்குள்ளேயே. திரையாகக் கட்டின பெட்ஷீட்கூட அங்கே நெய்ததுதான். உங்களோடு தறி ஓட்டினவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் முதல் ஆளாக உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணியிருப்பீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துகொண்டேதான் போனேன். வெளியூர்ப் பட விழாக்களில் இதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. புருசனை விட்டு வந்து லைன் வீட்டில் தனியாக இருக்கிற பெண், கல்யாணம் காதுகுத்துக்கு யாரும் அழைக்காத பெண் என்றெல்லாம் உருகி எழுதினார்கள். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். ஆனால் உங்களை அறிந்தவர்கள், ‘இது எங்க சரசு இல்லீங்க’ என்று சொல்லிவிட்டால்?

கடைசிக் காட்சி வந்தது. தறியில் நின்றபடி எதிர்த்தறி கண்ணம்மாக்காவிடம் ஏதோ சொல்வீர்களே, அதுதான். இரைச்சலில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று சத்தத்தை எடுத்துவிட்டு வயலினைப் போட்டிருந்தேன். மற்ற ஊர்களில் எல்லோரும் கர்சீப்பைத் தேடுகிற இடம். இங்கே மொத்தப் பட்டறையும் கொல்லென்று சிரித்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. படத்தை நிறுத்திவிட்டு, “எதுக்குங்க சிரிக்கறீங்க?” என்று கேட்டேன்.

“ஏஞ்சாமி, தறிக்குள்ள காதுலயா கேக்கறோம்? உதட்டப் பாத்துத்தான் பேசிக்கறது. உனக்கு இது தெரியாதா?” என்றார் கண்ணம்மாக்கா.

இரண்டு வருடம் அங்கே கேமராவும் கையுமாகத் திரிந்தவள் நான். உதடுகள் அசைவதை அழகழகாக எடுத்தேன். என்ன பேசுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

“சரி, அக்கா என்னதான் சொல்றாங்க?”

“‘அந்தக் கேமராப் புள்ள மூஞ்சியப் பாருடி, எழவூட்டுக்கு வந்தவளாட்ட நிக்குது. நான் நல்லாத்தான் இருக்கறேன்னு யாராச்சும் அதுகிட்டச் சொல்லுங்கடி’ங்கறா.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் அவர்களோடு சேர்ந்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் போனதற்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே, அக்கா? இல்லை, சொல்லித்தான் பார்த்தீர்களோ? வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். காவிரிப் பாலத்தில் நடந்து அக்கரையில் பவானிக்குப் போய் மீன் வாங்கி வருவது, யாருக்கும் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது, எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறீர்கள். அதையெல்லாம் வெட்டியெறிந்தது நான்தான். உங்கள் சந்தோஷம் என் படத்துக்குத் தோதுப்படவில்லை. மன்னித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் பெங்களூரில் திரையிடப் போகிறார்கள். வயலினைத் தூக்கிவிட்டேன். தறி அதன் பாட்டுக்கு இரையும், நீங்கள் சொன்னது கீழே எழுத்தில் வரும். மீன் வாங்கப் போன கதையும் சேர்ந்துவிட்டது. “படத்தோட சோகமே போயிடுமே” என்கிறார் எடிட்டர். போகட்டும் என்றேன்.

இனி உங்களைத் திரையில் பார்த்து யாராவது அழுதால், நீங்கள் செத்துப்போனதற்காக அழட்டும். வாழ்ந்ததற்காக அழ விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
அஸ்தம்பட்டி வனிதா