பஸ்ஸில் இடம் கொடுத்தவர்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பெருநகர் கிராமத்தை அடுத்த இருளர் குடிசை வழக்கில் இன்று தீர்ப்பு. காலையில் கோர்ட்டு வாசலில் நான் காரை விட்டு இறங்கும்போதே செங்கல் சூளை முதலாளி கைகூப்பி நின்றார். குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டவர் அவர்தான்.

"உங்க பாப்பா காஞ்சிபுரத்துல காலேஜ் படிக்குதாமே ஜட்ஜம்மா? பஸ்ல ஒண்டியா வந்துகினு கீது. காலம் கெட்டுக் கெடக்குது."

முன்சீப்பாக வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் கத்தி மிரட்டியிருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக யாரும் மிரட்டியதில்லை.

 ஆனாலும் தீர்ப்பில் எழுதியிருந்ததை மாற்றவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்தேன். குடிசைப் பெண்கள் அழுதுவிட்டார்கள். அவர் சிரித்தபடி எழுந்து, போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார்.

உடனே போலீசுக்குச் சொன்னேன். காவலுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் யாரும் வரவில்லை.

சாயங்காலம் மகள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"பஸ்ல ஒருத்தர் எழுந்து எனக்கு எடம் குடுத்தாரும்மா. உன்னை நல்லாத் தெரியுமாம். நம்ம தெரு வரைக்கும் கூடவே வந்தாரு."

நாளைக்குக் காலேஜ் போக வேண்டாம் என்றேன்.

"எத்தினி நாளைக்கும்மா?"

வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மறுபடியும் போலீசுக்குப் போன் செய்தேன்.