காலில் வளையம் இல்லாத கனேரி

ஒக்டோபர் 12, ஞாயிறு

பின்னேரம் குகன் அண்ணை ஒரு சின்னக் கூட்டோடு வந்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஓர் ஆண் கனேரிக் குருவி.

“காட்டுக் கனேரி தம்பி. அழிஞ்சுபோற இனம். கிரான்பர்ன் சதுப்புப் பக்கம் பிடிச்சனான். இதை நீ வைச்சுக்கொண்டு உன்ர மஞ்சள் பேட்டுக் குருவியை எனக்குத் தா.”

அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. காட்டுக் கனேரியின் இடம் அத்திலாந்திக் கடல் தீவுகள். அங்கே தோட்டங்களிலும் தாராளமாகத் திரிகிறது. அழிகிற ஆபத்து ஒன்றும் அதற்கு இல்லை. மெல்போர்ன் சதுப்பில் அதற்கு என்ன வேலை? கூட்டில் அடைத்து வளர்க்கிற கனேரியிலும் பச்சை உண்டு. பத்து வருடமாகக் குருவி வளர்க்கிற என்னிடமா இந்தக் கதை?

குருவியின் காலைப் பார்த்தேன். வளையம் இல்லை, ஆனால் வளையம் கிடந்த தடம் இருந்தது. குஞ்சில் போடுகிற வளையம் தானாகக் கழலாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வளர்த்தவரின் எழுத்து அதில் இருக்கும். எதற்காக வெட்டினார்?

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அவர் வீட்டில்தான் படுத்தேன். என்னத்தைக் கேட்பது? “யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை” என்றேன். “ஓம், ஆறுதலாச் சொல்லு. குருவி இஞ்சையே நிக்கட்டும்” என்றுவிட்டுப் போனார்.

பிறகு அதைப் பெரிய கூட்டில் விட்டேன். முன்னால் இரண்டு தண்ணீர்க் கோப்பைகள் இருக்க, நேரே பறந்து போய், தகரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் மூன்றாவதில் குடித்தது. போன மாசியில் என் எழுத்து வளையத்தோடு பறந்துபோன என் பச்சைக் குருவியும் அதில்தான் குடிக்கும்.

கூட்டைச் சரியாகப் பூட்டவில்லை என்று அப்போது மனைவியை ஒரு கிழமை திட்டினேன். அன்று என்னோடு தெருத் தெருவாகத் தேடியவர் குகன் அண்ணை. வலை அவர் கையில்தான் இருந்தது.