பெயின்ட் ஷெட்டில் அண்ணன்

18 மே 1995, வியாழன் இரவு

கத்திரி தொடங்கியதிலிருந்து அண்ணன் முகத்தில் துணி கட்டுவதில்லை. தேனாம்பேட்டை ஷெட்டில் கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறான். ஈரப் பெயின்டில் தூசி ஒட்டிவிடும் என்று கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். மேலே தகரக் கூரை. இன்று சாப்பாடு கொண்டுபோய் வாசலில் நின்ற எனக்கே பெயின்டில் கலக்கும் தின்னரின் நெடியில் கண் எரிந்தது.

"துணியக் கட்டுண்ணா."

"கட்டினா மூச்சு முட்டுது நைனா. நீ வந்து அடிக்கிறியா?"

டப்பாவைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. வெயிலில் சாம்பார் சாதம் ஊசிப்போயிருந்தது. அதற்குள் அவன் இரண்டு வாய் தின்றுவிட்டான்.

"அம்மா இன்னிக்குப் புளிய அள்ளிக் கொட்டிகீது."

பிடுங்கினேன். "கெட்டுப்போச்சுண்ணா. நாத்தம் தெரியல?"

முகர்ந்து பார்த்தான். எழுந்து போய்த் தின்னர் டின்னைத் திறந்து மூக்கருகே வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"நல்லதாப் போச்சு. இனிமே நெடி ஏறாது" என்று சிரித்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இப்போது சமையலறை வாசலில் தூங்குகிறான். காஸை மூடியதாகத்தான் நினைவு. கசிந்தால் அவனுக்குத் தெரியாது. எழுந்து இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.