சேறில்லாத கால்கள்

சேற்று வாசனையோடு என்னை வாரியெடுத்த அம்மாவுக்கு,

பெருநகர் கிராமத்துப் பள்ளியில் நான் இப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்ல வந்த சேதி அதுவல்ல.

பாடப் புத்தகத்தில் ஒரு படம். ஏர் பிடிக்கும் ஆள், வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு ஒரு பெண். 'உழவர் பயிரிடுகிறார். மனைவி கஞ்சி கொண்டுவருகிறார்' என்று கீழே அச்சிட்டிருக்கிறது. வாசித்து முடித்ததும் செல்லம்மா என்றொரு வாண்டு எழுந்தாள்.

"இந்தம்மா காலுல சேறே இல்லியே டீச்சர். இன்னும் நடவுக்கு எறங்கலியா?"

"அது கஞ்சி எடுத்தாந்த அம்மா. பயிரு வெக்கறது அந்த ஆளு" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"அப்போ நாத்து இன்னா, தானா போயி நின்னுக்கிச்சா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போன அன்று கிராம முன்சீப் சாவுப் பதிவில் எழுத உன் தொழில் என்னவென்று கேட்டார். "தொழிலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வூட்டோட இருந்தா" என்றார் நைனா, அழுதுகொண்டே. அப்போதும் உன் நகக்கண்ணில் நடவுச் சேறு இருந்தது. நைனா பொய் சொல்லவில்லை. அப்படித்தானே எல்லோருக்கும் தெரிந்திருந்தது?

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். பயிரிடுவது யார் என்று கேட்டார். செல்லம்மாதான் முந்தினாள்.

"எங்கம்மா சார். ஏரு மட்டும் நைனா ஓட்டும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "புத்தகத்துல அப்படியா இருக்கு?"

"புத்தகத்துல இல்ல சார். ஆனா விடை சரி" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, செல்லம்மாவிடம் "உக்காரும்மா" என்றார். என்னைப் பற்றி என்ன எழுதுவாரோ, தெரியாது.

அவர் போனபின் நானும் ஜன்னலில் நின்றேன். நடவுப் பெண்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பச்சை, முதுகுக்குப் பின்னால் வெறும் தண்ணீர். பார்க்காத திசையில் இத்தனை பேர் எப்படி ஒன்றாய் நகர்கிறீர்கள்? கைபட்ட இடமெல்லாம் வயலாகிக்கொண்டு வந்தது. எத்தனையோ படித்திருக்கிறேன். இப்படி மூச்சடைத்து நின்றதில்லை.

ராத்திரி சோறு போடும்போது நைனாவிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்கம்மா நட்டா வரிசை கயிறு புடிச்சா மாரி இருக்கும்" என்றார். அதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

வேலை நிலைத்தால், அடுத்த வருஷமும் அந்தப் பாடத்தை நான்தான் நடத்துவேன். படத்தைச் சிலேட்டில் வரையச் சொல்வேன். அந்த அம்மாவின் காலில் சேறு வரையாமல் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

வரப்பு மரத்துத் தூளியில் நீ தூங்கவைத்த
உன் மகள்