வேண்டும் என்றால் வேண்டும்

கழிவுநீர்ச் சட்டங்களின் பேரரசியான என் மருமகளுக்கு, கறி துறந்த மாமுனிவனும் சலவைக்கடைச் சக்கரவர்த்தியுமான உன் தாய்மாமன் அனுப்பும் ஆசிகள். இங்கே எல்லாரும் நலம், கிணற்றுத் தண்ணீரைத் தவிர.

மாட்டுக்கறி தின்பது குறைந்தால் பண்ணைக் கழிவும் குறையும் என்று நீ சொன்னபடி கறியை விட்டுவிட்டேன். சாதாரண விடுதலா அது? கசாப்புக் கடைக்காரர் என்னைக் கண்டால் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார். நாட்டிலுள்ள மாடுகளெல்லாம் கூடி எனக்குச் சிலை வைக்க இடம் பார்ப்பதாகக் கேள்வி. இடுப்பு இளைத்துப்போய், பெல்ட்டில் இனி ஓர் ஓட்டை போட்டால் அது சல்லடை. உன் அம்மாவும் விட்டுவிட்டாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. மகள் சொன்னால் அவள் கல்லையும் மெல்லுவாள்.

தெருக்கோடி மாட்டுப் பண்ணைக்குத்தான் எங்கள் தவம் தெரியவில்லை. சாணியும் மூத்திரமும் கலந்து சுவரடியில் கசிந்து நம் கிணற்றுக்கே வருகிறது. நாங்கள் வாயைக் கட்டினோம், அவர்கள் கழிவுக் குழாயை யார் கட்டுவது? நம் கடையில் வெளுத்த சட்டையோடு கல்யாணத்துக்குப் போன வாத்தியார் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லையாம். “தொவைச்சியா, இல்ல தொழுவத்துல உலர்த்தினியா?” என்று கேட்டுச் சட்டையை மேஜையில் எறிந்துவிட்டுப் போனார்.

பண்ணைக்காரர் மீது படையெடுத்தேன். கருத்துக் கேட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பியிருந்த உன் சட்ட வரைவையே அவர் எடுத்து நீட்டினார். “உங்க மருமக எழுதினதுதாண்ணே. கழிவைச் சுத்தம் செய்து விட வேண்டும்னு இருந்துச்சு. இப்ப, சுத்தம் செய்து விடுமாறு வேண்டுகிறோம்னு மாத்திட்டாங்க. வேண்டுதலை சாமியே எப்பவாவதுதான் கேக்குது, நான் எம்மாத்திரம்?” என்று சிரித்தார். டீயும் கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன், அந்த ஆத்திரம் வேறு.

போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? “அப்படி மாத்தினாத்தான் மேலிடத்துல நகரும் மாமா. முதல்ல ஜனங்க தட்டு மாறட்டும், சட்டம் தானா வரும்” என்றாய். மாறிய தட்டு இதோ, கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. இன்னும் எத்தனை வண்டி கத்தரிக்காய் தின்றால் அந்தக் குழாய் அடைபடும் என்று சொல், தின்கிறேன். ‘வேண்டும்’ என்று எழுத உனக்கு என்னடி தயக்கம்? பேனாவில் மை இல்லையா, துணைக்கு நிற்க ஆள் இல்லையா?

போனில் இதையெல்லாம் கத்த முடியாது. உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். தன்னைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதென்று எனக்குக் கட்டளை. ஆகவே கடைத் துணிகளை அந்தத் தண்ணீரில் அலசி அலசி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருப்பதை நான் எழுதவில்லை. கரண்டியால்தான் சாப்பிடுகிறாள் என்றும் எழுதவில்லை. மருந்து தடவிய கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மறுபடி தொட்டியடியில் போய் நிற்பதையும் எழுதவில்லை.

வரைவு அச்சுக்குப் போகுமுன் மேலிடத்தோடு இன்னொரு தடவை சண்டை போடு, கண்ணு. தோற்றாலும் பரவாயில்லை, ஊருக்கு வா. வாசலில் உன்னைக் கட்டிக்கொள்ளாமல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றால், அம்மாவுக்குக் கோபம் என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் மாமன்