ஆறாவது தட்டில் வந்த முட்டை

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா சுகம், அவள் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. நானும் சுகமாகத்தான் இருக்கிறேன், உன் உணவகத்தில் சொல்லுகிற மாதிரி செத்துப்போகவில்லை. நேற்றுப் போனில் நான் கத்தினேன், நீ அழுதாய், நான் வைத்துவிட்டேன். அப்படிப் பேசினால் ஒன்றும் ஆகாது, எழுதுங்கள் என்று உன் அம்மா தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் நம்ம ஊர்க் கிளைக்குப் போகாதீங்க" என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஏன் சொன்னாய் என்று இப்போதுதானே புரிகிறது. ஆனால் நான் ஓய்வு பெற்றதற்கு டெப்போ ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கடிகாரமெல்லாம் வேண்டாம், டிரைவர் அண்ணனுக்கு அவர் பொண்ணு கைப்பக்குவத்தையே போடுவோம் என்று முடிவுகட்டி, உன் முதலாளி இங்கே புதிதாகத் திறந்திருக்கும் கிளையில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மூன்று பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பில் நிற்பது வேறு ஆட்கள் என்றாலும் பதினோரு தட்டும் நீ யோசித்து அமைத்ததாமே. மூன்றாவது ஆள் யார் என்று நீ கேட்கவே வேண்டாம், சில்லறை மாமாவின் வீட்டுக்காரம்மா, உன் அத்தை. ஒன்பது வருடம் என் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் மனைவியை விட்டுவிட்டு எனக்கு என்ன விருந்து. அவள் அதற்காகப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள், அது குதிகாலைக் கடித்து நொண்டிக்கொண்டே வந்தாள்.

முதல் ஐந்து தட்டும் நான் பெருமையில் மிதந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். முதல் தட்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா, இது உப்புப் பார்க்கக் கொடுத்ததா என்று என் காதில் கேட்டாள். அடுத்ததில் ஒரே ஒரு இலை, அது விழாமல் நிற்பதற்கு எத்தனை பேர் பாடுபட்டார்களோ. பரிமாறிய பெண் நல்ல பெண், தட்டுக்குத் தட்டு பொறுமையாக விளக்கம் சொன்னாள். இதெல்லாம் என் மகள் செய்ததம்மா என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், இப்போதே சொன்னால் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள்.

ஆறாவது தட்டு வந்தது. முட்டை ஓட்டுக்குள் மஞ்சள் கரு, மேலே கருகின வெங்காயத்தூள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது எங்க தலைமைச் சமையல்காரரோட சொந்தக் கதை. அப்போ அவங்களுக்கு ஒன்பது வயசு. பஸ் டிரைவரா இருந்த அவங்க அப்பா ஒரு நாள் காலையில இப்படி ஒரு முட்டை போட்டுக் கொடுத்துட்டு வேலைக்குப் போனாரு. அன்னைக்கே விபத்துல இறந்துட்டாரு. அவர் கையால சாப்பிட்ட கடைசி முட்டை இது" என்றாள். பக்கத்து மேசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக அழுகிறாள்! நான் கையில் கரண்டியோடு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைச் சாகடித்ததை நான் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். ஆனால் அந்த முட்டையை நானா போட்டேன்? எனக்கு அடுப்பு பற்றவைக்கவே உன் அம்மா வேண்டும். டெப்போ ஓய்வறையில் விடியற்காலையில் வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கி முட்டையை உடைத்து ஊற்றினவன் சில்லறை மாமா. முதல் முட்டையை என் டப்பாவில் வைத்து, "பாப்பாவுக்குக் கொடு மச்சான்" என்பான். நான் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஓடினேன். அன்றைக்குச் செத்தவன் அவன். பஸ்ஸைப் பின்னால் எடுக்க இடம் இருக்கிறதா பார் என்று அவனைப் படியில் நிற்கச் சொன்னவன் நான், லாரி வந்து மோதினது அந்தப் பக்கம். என் கால் முறிந்ததோடு போயிற்று. அவன் முட்டையை எடுத்து எனக்குக் கொடுத்தாய், அவன் சாவையும் எடுத்து எனக்கே கொடுத்துவிட்டாய். அவனுக்கு என்ன மிச்சம் வைத்தாய், சொல்லு பார்ப்போம்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, முட்டை போட்டது யார் என்று சொன்னீங்க என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவங்க அப்பாதாம்மா என்றாள் அவள். அத்தை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள், "அவரு இதைவிட மிளகு ஜாஸ்தி போடுவாரு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது, அப்போ நீங்கதான் அவங்க அம்மாவா என்று கேட்டுவிட்டாள். பெற்றவள் பக்கத்திலேயே கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இல்லம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை ஓட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். மிச்சம் ஐந்து தட்டையும் நான் தொடவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பாப்பாவுக்கு அந்த ருசி இன்னும் ஞாபகம் இருக்கே அண்ணே" என்றாள். அவள் உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

நீ போனில் இரண்டு சொன்னாய். மாமா என்றால் சாப்பிடுகிறவர்களுக்கு ஒட்டாது, அப்பா என்று மாற்று என்று உன் முதலாளி சொன்னாராம். அதற்கு நான் பதில் எழுதினால் தாள் தீய்ந்துவிடும். இரண்டாவது, அன்று பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து உங்க அப்பா போயிட்டாரு என்று சொல்லிவிட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றாய். ஆஸ்பத்திரியில் நீ என் கட்டுப்போட்ட காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்று கத்தியதும், வலி தாங்காமல் காலை விடுடி என்று நான் உன்னைத் திட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் அப்படிப் பிடித்தாய் என்று எனக்கு இந்த இருபத்தாறு வருடமாகத் தெரியாது. பெற்ற அப்பனிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவர்களுக்குத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு மறுபடி கோபம் வருகிறது, அது எந்தக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் நீ செய்தது தப்பு. தப்புதான்.

முட்டையை எடுத்துவிடு என்று முதலில் எழுதியிருந்தேன், அந்தத் தாளைத்தான் கிழித்தேன். முட்டை இருக்கட்டும். போட்டவன் யார் என்று சொல்லு, கண்டக்டர் என்று சொல்லு, செத்தது அவன் என்று சொல்லு. முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்போது எடுத்துவிடு. அதற்கு முன்னால் அத்தைக்குப் போன் செய். நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, பரவாயில்லம்மா என்று சொல்லி உடனே வைத்துவிடுவாள். மாமா அந்த முட்டையை எப்படிப் போடுவார் என்று கேள், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே. அவனைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கே இத்தனை வருடத்தில் வாய் வரவில்லை.

ஊருக்கெல்லாம் பதினோரு தட்டு வைக்கிறவள் நின்றபடியே எதையோ வாயில் போட்டுக்கொண்டு போகிறாய் என்று அம்மா சொல்லுகிறாள், வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடு. தீயில் கை கவனம். நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், அதில் எந்தக் கோபமும் குறுக்கே வராது. வெள்ளிக்கிழமைக்குள் அத்தையைக் கூப்பிடு. சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போகிறேன், போய்க் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா